ஒரு ‘ர்’ போட்டதற்காக

போன வாரம் பாபநாசத்தில் வங்கிக்குப் போயிருந்தேன். டோக்கன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துக் கவுண்டரில் யாரோ ரப்பர் ஸ்டாம்புக்குப் புது மை ஊற்றினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் அச்சாபீசுக்குப் போய்விட்டேன். வயதானால் இப்படித்தான், உடம்பு ஓரிடம், புத்தி ஓரிடம்.

எங்கள் அச்சாபீசில் மையோடு மண்ணெண்ணெயும் மணக்கும். ஈய எழுத்துகளைக் கழுவுவது அதில்தான். வீட்டுக்குப் போனால் சோற்றிலும் அதே வாடை. கழகத்தார் ஆட்சிக்கு வந்த புதிது. அங்கே அச்சான வாரப் பத்திரிகைக்கு நான் பிழை திருத்துபவன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் எனக்குத் தெரியாது. ஆசிரியரை ஊரே ‘எடிட்டர்’ என்றுதான் கூப்பிடும். சட்டைப்பையில் சிவப்பு மை கசிந்தே இருக்கும். அச்சாபீசு ஒரு மிராசுதாருடையது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் வேட்டி எடுத்துக் கொடுப்பார்.

அந்த அறுவடையில் கூலித் தகராறு முற்றி, களத்தில் அடிதடியாகி, மாரிமுத்து என்ற விவசாயத் தொழிலாளி உயிரை விட்டார். செய்தி கொண்டுவந்தவர் அந்தக் கால வழக்கப்படி ‘மாரிமுத்து என்பவன் இறந்தான்’ என்று எழுதியிருந்தார். மிராசுதார் காலமாவார், வக்கீல் இயற்கை எய்துவார், கூலியாள் இறப்பான். எனக்கு அதில் ஒரு பிழையும் தட்டுப்படவில்லை. ஒற்றெல்லாம் சரியாக இருந்தது. எடிட்டர்தான் இரண்டு ‘ன்’னையும் அடித்து ‘ர்’ போட்டார்.

பத்திரிகை வெளியான காலையிலேயே மிராசுதார் வந்துவிட்டார். அந்தக் களம் அவருடைய பங்காளியுடையது.

“என் அச்சாபீசுலயே அவனுக்கு ‘ர்’ போடுவீங்களா? அப்ப எனக்கு என்ன போடுவீங்க?”

“உங்களுக்கும் அதே ‘ர்’தாங்க. அதுக்கு மேல எழுத்து நம்ம பெட்டியில இல்லீங்க.”

“அடுத்த வாரம் திருத்தம் போடுங்க. இல்லேன்னா வேற எடம் பாத்துக்குங்க.”

“பிழை இருந்தாத்தாங்க திருத்தம் போடலாம்.”

அதோடு பத்திரிகை நின்றது. எடிட்டருக்குப் பிள்ளை கிடையாது, பத்திரிகைதான் பிள்ளை. அன்றைக்கு அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த தேர்தலில் ஆளுங்கட்சியே எடிட்டரைக் கூப்பிட்டு நிறுத்தியது, எம்.எல்.ஏ. ஆனார். சட்டசபைக்கும் மை கசிந்த சட்டையோடுதான் போனார். குத்தகைப் பதிவு, நில உச்சவரம்பு என்று அங்கே பேசிவிட்டு வந்து எனக்கும் விளக்குவார், பாதி புரியும். அதற்கடுத்த முறை தோற்றார். கூட்டுறவு வங்கிக்குத் தலைவராக்கினார்கள். என்னையும் குமாஸ்தாவாக உள்ளே இழுத்துக்கொண்டார். சிபாரிசு என்று ஊர் பேசியது. சிபாரிசுதான்.

யாரையும் மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதுதான் வங்கியில் அவர் போட்ட முதல் உத்தரவு. மாரிமுத்துவின் மனைவி அஞ்சலை, உச்சவரம்பில் கிடைத்த துண்டு நிலத்துக்குப் பயிர்க்கடன் கேட்டு வந்திருந்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அஞ்சலை அவர்களே, வாங்க” என்றேன். அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். எடிட்டரே அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

“ஒங்களத்தாம்மா.”

“என்னயா? வேற யாரோ பெரிய வீட்டு அஞ்சலைன்னு நெனச்சுட்டேங்க.”

எடிட்டர் வாய்விட்டுச் சிரித்தார். பத்திரிகை நின்ற பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்த கண் கலங்கியிருந்தது.

எடிட்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். அச்சாபீசு இருந்த இடத்தில் செல்போன் கடை. வங்கியில் இப்போது இயந்திரம்தான் கூப்பிடுகிறது, வெறும் எண்ணை. அதில் ‘ன்’னும் இல்லை, ‘ர்’ரும் இல்லை. பெரிய வீடு, குடிசை என்று பார்க்காது. குறை சொல்ல எனக்கு வழியில்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் கையசைத்துக் கூப்பிட்டார்.

“சார், உங்க நம்பர் எப்பவோ போயிடுச்சே. கேக்கலியா?”

“கேட்டதும்மா,” என்றேன். “வேற யாரையோன்னு நெனச்சுட்டேன்.”