சாமி விளக்குக்கு இழுத்த வயர்

சனிக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது. ஓட்டிக்கொண்டிருந்தது என் மகள்; லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம்தான். பக்கத்தில் நான். லூனாஸ் பட்டணம் தாண்டி, செம்பனைத் தோட்டத்து ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நிறுத்தினாள். இறங்கி ஓடி பேட்டரி வயரைப் பிடுங்கினேன்.

என் பயத்தை அவள்மேல்தான் காட்டினேன். எதை அழுத்தினாய், போன் சார்ஜரைச் செருகினாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றாள். நான் நம்பவில்லை. இழுவை லாரியில் வீடு வந்து சேர்ந்ததும் கார் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"இனிமே நான் எந்தக் காடியும் ஓட்டலப்பா."

திங்கட்கிழமை கூலிம் பட்டணத்தில் அவளுக்குப் புது வேலை. பஸ்ஸை நம்ப முடியாது.

கார் வயரிங் பார்க்கும் வயர்மேன் வருவதாகச் சொல்லியிருந்தார். காத்திருக்கப் பொறுமையில்லை; ஸ்பீட் மீட்டரைக் கழற்றிப் பின்னால் பார்க்க நானே இறங்கினேன். என்னைவிடக் கொஞ்சமே இளைய கார் அது. இருக்கையில் தலைகீழாகப் படுத்து, கால்களைச் சாய்மானத்தில் போட்டு, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டேன். மீட்டர் கேபிளின் திருகு விரல் நுனிக்கு எட்டும், திரும்பாது. ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்து காணாமல் போனது. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் மூலையில் உடைந்தது. கெட்ட வார்த்தை சொன்னேன். டார்ச் நெற்றியில் விழுந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து மீட்டர் கழன்று வந்தது. பின்னால் ஒரு சிவப்பு வயர் கருகிக் கிடந்தது. காரோடு வந்த வயர் அல்ல. டேஷ்போர்டில் இருக்கும் முருகன் படத்துக்கு மினுக்கு விளக்கு போட, ஓர் ஆயுத பூசையன்று நானே இழுத்தது. சாவியை எடுத்தாலும் சாமி விளக்கு அணையக் கூடாதென்று, சுவிட்சும் பியூஸும் இல்லாமல் நேராகக் கொடுத்திருந்தேன். இரும்பில் உரசி உரசித் தோல் போயிருக்கிறது.

வீட்டுக்குள் போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வயரை இரு முனையிலும் வெட்டிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன்.

ஆறரைக்கு வயர்மேன் வந்தார். மகளைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொன்னார். என்னைப் பார்க்காமலே வந்து பிடித்தாள். அவர் தலையை உள்ளே விட்டு, கருகிய இடத்தைத் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது நீ செஞ்சது இல்லலா. யாரோ தனியா ஒரு வயர் இழுத்திருக்காங்க," என்றவர், என் பக்கம் திரும்பினார். "இப்பதான் வெட்டியிருக்கு. அந்தத் துண்டு எங்க, அண்ணே?"