முப்பது துப்பட்டி, நூற்றிருபது மூலை

கமால் ஏலத்தில் தையல் மிஷின் எடுத்து வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, ராயபுரத்தில் அவன் சந்தே கூடிவிட்டது. 1949ஆம் வருஷம். சண்டை முடிந்து பட்டாளம் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களைக் கூவிக் கூவி விற்ற காலம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும்? சக்கரம் இருந்தது, ஊசி இருந்தது, எடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதற்கு மூன்று நூல் கோக்க வேண்டும், ஊசிக்குப் பக்கத்தில் ஒரு கத்தி வேறு. துணியை வைத்தால் ஓரத்தை நறுக்கிக்கொண்டே, நறுக்கிய இடத்தை நூலால் பின்னிக்கொண்டு போனது. ஓரம் மட்டும் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் அது.

"தையல் மிஷின் வாங்கியாடான்னா கறிக்கட மிஷின் வாங்கியாந்துகிறான்" என்றாள் எதிர்வீட்டு ரசூல் பீவி. சந்து ஒரு வாரம் சிரித்தது.

கமாலின் மனைவி ரஹீமுன்னிசா மட்டும் சிரிக்கவில்லை. காசைக் கொட்டிய பிறகு சிரித்து என்ன ஆகப்போகிறது? உடைந்த மிஷின் ஒன்றின் கால்மிதியில் அதைப் பொருத்தச் சொல்லி உட்கார்ந்தாள். ஒரு மாதம் வீட்டிலிருந்த பழைய கைலிகளையெல்லாம் அது குதறித் தள்ளியது. அப்புறம் படிந்தது. அவள் அடித்த ஓரம் எத்தனை துவைத்தாலும் பிரியாது என்று பேச்சு பரவி, 'ஓவர்லாக் ரஹீமா' என்றால் தண்டையார்பேட்டை வரை தெரிந்தது.

மூலைதான் அவளுக்கு வரவில்லை. சதுர மூலை வேண்டுமானால், துணி முடிந்து ஒரு தையல் தாண்டியதும் நிறுத்தி, ஊசியைத் தூக்கி, பின்னிய நூலை மெல்ல விடுவித்து, துணியைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். ரஹீமுன்னிசாவிடம் மற்றதெல்லாம் இருந்தது. அதனால் மூலையை வளைத்தே ஓட்டிவிடுவாள், கத்தி அதைச் சீவித் தள்ளிவிடும். அந்த வளைவும் ஒன்றைப் போல் ஒன்று வராது. அது அவளுக்கு உள்ளூர வெட்கம்தான். கவனமாக மடித்துக் கொடுத்துச் சமாளித்து வந்தாள்.

ஒரு வியாழக்கிழமை வண்ணாரப்பேட்டைச் சலவைக்காரர் தவசிமுத்து படுக்கையில் விரிக்கிற துப்பட்டிகள் முப்பதைக் கொண்டுவந்தார். ஐந்து வீட்டுத் துணி, வீட்டுக்கு ஆறு. கல்லில் அடித்து அடித்து ஓரமெல்லாம் பிரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடுகளுக்குப் போயாக வேண்டும் என்றார். ரஹீமுன்னிசா வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் வந்த தவசிமுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்து, "நல்லா கீது தங்கச்சி" என்றார். பிறகு ஒரு மூலையைப் புரட்டினார். அடுத்த மூலை. நாலையும் புரட்டினார். இன்னொரு துப்பட்டியை எடுத்தார். அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது.

"குறி எங்கம்மா?"

சலவைக்காரர்கள் ஒவ்வொரு வீட்டுத் துணியின் மூலையிலும் சேங்கொட்டைப் பாலால் ஒரு குறி போடுவார்கள். ஒரு வீட்டுக்கு மூன்று புள்ளி, ஒரு வீட்டுக்குப் பெருக்கல் குறி. எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அது போகாது. கத்திக்குப் போகும். அந்த வருஷம் எல்லா வீட்டிலும் ரேஷன் துணிதான், ஒரே மில், ஒரே நீளம், ஒரே வெள்ளை. குறி இல்லாமல் எது யாருடையது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

"அழகாருக்கும்னு வளைச்சு வுட்டேண்ணே" என்றாள்.

"ஒரு வூட்டுத் துப்பட்டியில இன்னொரு வூட்டுக்காரன் படுப்பானா? நாளைக்கு மாறிப் போச்சுன்னா அஞ்சு வூடும் பூடும்மா. அத்த வுட்டா எனக்கு வேற இன்னா கீது?"

அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் அவளைக் கொன்றது.

சீவிய துண்டுகளை அவள் எறியவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரசூல் பீவிக்குத் தலையணை அடைக்கக் கொடுத்திருந்தாள். ஓடினாள்.

"தலகாணி நேத்துதாண்டி தெச்சேன்" என்று புலம்பிக்கொண்டே ரசூல் பீவி தையலைப் பிரித்தாள். பழைய பஞ்சோடு துண்டுகள் கொட்டின. அதையெல்லாம் ரஹீமுன்னிசா வீட்டுக்கு அள்ளி வந்து, தவசிமுத்துவோடு மூன்று பேருமாகக் குறியுள்ளவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். ஆனால் எந்தத் துண்டு எந்தத் துப்பட்டியுடையது?

ரஹீமுன்னிசா ஒரு துண்டை எடுத்து ஒரு மூலையோடு சேர்த்து வைத்தாள். பொருந்தவில்லை. அடுத்ததில் வைத்தாள், அதிலும் இல்லை. ஏழாவது துப்பட்டியின் மூன்றாவது மூலையில் வளைவோடு வளைவு அச்சாக உட்கார்ந்தது. எந்த இரண்டு வளைவும் ஒன்றாக வராத கையாயிற்றே. வெட்கப்பட்டு மடித்து மறைத்ததெல்லாம் இன்று சோறு போட்டது.

அந்தி சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் இருபத்தொன்பது துப்பட்டிகள் வீடு வாரியாகப் பிரிந்துவிட்டன. கடைசித் துப்பட்டிக்குத் துண்டு கிடைக்கவில்லை. மூன்று புள்ளி வீட்டுக்கு ஐந்துதான் இருந்தது, ஆகவே அது அவர்களுடையது. தவசிமுத்து மூட்டையைக் கட்டித் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று ரஹீமுன்னிசா அன்றைக்கு அழுதாள்.

நாலு நாள் கழித்து வந்து நின்றார். "உங்க வூட்டுத் துப்பட்டி ஒண்ணு குடு."

"நாங்க வூட்லயே தோச்சுக்குவோம்ணே."

"குடும்மான்றேன்."

அடுத்த வாரம் அது வெளுத்து, பெட்டி போட்டு வந்தது. மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, சேங்கொட்டைக் கறுப்பில் பிறை போல ஒரு சின்ன வளைவு.

"இது யார் வூட்டுக் குறிண்ணே?"

"ஒன் வூட்டுது. ஒன் மூல மாதிரியே கோணலா போட்டுகிறேன், பாத்துக்கோ. இன்னொரு மூட்டையும் வாசல்ல கீது, ஞாயித்துக்கெழமைக்குள்ள அடிச்சுக் குடு."

சலவைக்காரர் குறி போட்டுவிட்டால் அந்த வீடு அவருடைய வீடு. தவசிமுத்துவுக்கு இப்போது ஆறு வீடு.

ரஹீமுன்னிசா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் துப்பட்டியை மிஷினில் வைத்தாள். மூலை வந்தது. ஒரு தையல் தாண்டி நிறுத்தி, ஊசியைத் தூக்கி, நூலை விடுவித்து, துணியைத் திருப்பினாள். நாலு மூலைக்கும் அரைமணி நேரம் ஆயிற்று.