ரஞ்சன் அண்ணைக்கும் திதி பார்த்தாயிற்று

ரஞ்சன் அண்ணை போய்விட்டார். முந்தாநாள் மத்தியானம், கொக்குவில் அச்சகத்தில், கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தபடியே. ஹார்ட். இன்று எரித்துவிட்டு வந்திருக்கிறோம்.

செத்த வீட்டு முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகங்களை டைப் செய்து லேஅவுட் போடுகிறவர். இறந்த திகதியைக் கொடுத்தால் திதியைச் சொல்லும் ஒரு சின்ன கொம்பியூட்டர் புரோகிராம், பைதனில், அவருக்காகத்தான் எழுதினேன்.

முதல் வேர்ஷனுக்கே கம்ப்ளெய்ன்ட்.

"தம்பி, உங்கடை புரோகிராம் எந்தப் பஞ்சாங்கம் பாக்குது? வாக்கியமோ, திருக்கணிதமோ?"

வானத்தில் இருப்பது ஒரே சந்திரன், அதைத்தான் கணக்குப் பார்த்திருக்கிறேன் என்று எரிந்து விழுந்தேன்.

"சந்திரன் ஒண்டுதான். ஐயர்மார்தான் ரெண்டு பகுதி."

இரண்டையும் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய...

பிறகொரு நாள், வேலை முடிந்தும் எழும்பாமல் இருந்தார். திகதி போடாமல் திதி வருமா என்று கேட்டார். வராது, எரர் அடிக்கும் என்றேன்.

அவருடைய மகனுக்காம். கடைசி யுத்தத்தில் காணாமல் போனவன். எந்த நாள், எந்த இடம், ஒன்றும் தெரியாது.

"ஏதாவது ஒரு திகதியைப் போடுவம். பிழையெண்டாலும் பரவாயில்லை. நான் இருக்கேக்கை அவனுக்கு ஒரு திவசம் செய்யவேணும்."

திதி தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாமே என்றேன்.

"செய்யலாம். அதுக்கு முதல் அவன் செத்திட்டான் எண்டு என்ரை மனிசி ஒத்துக்கொள்ளவேணுமே. உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆரும் திவசம் குடுப்பினமோ எண்டு கேக்கிறா."

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் வீட்டில் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே பதில். இதில் கோட் எழுதித் திருத்த ஒன்றுமில்லை.

நேற்று அவருடைய மரண அறிவித்தலை நான்தான் டைப் செய்தேன். 'அன்புத் தந்தையும்' என்ற வரியில் மகனின் பெயர் வரவேண்டும். அதற்கு முன்னால் 'காலஞ்சென்ற' போடுவதா என்று அச்சக முதலாளி கேட்டார். எனக்கென்ன தெரியும். அண்ணையின் மனைவி, அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"ஏன்? ஆர் கண்டது?"

போடவில்லை.

இன்று பெட்டி மூடும்போது அக்கா அழவில்லை. கொள்ளி வைக்கப் பெறாமகன், அண்ணையின் தம்பி மகன், குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றான். அக்கா குனிந்து, அண்ணையின் காதுக்குள் சொல்வது போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"அங்கை போய்ப் பிள்ளையைத் தேடாதேங்கோ. அவன் அங்கை இல்லை."

போங்கோ, ரஞ்சன் அண்ணை.