மூன்றாம் மெஷின்

அந்தச் சலவை நிலையத்தில் எல்லாருக்குமே அவள் பெரியம்மாதான். இஸ்திரி அறையில் பத்தொன்பது வருஷம். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் விரிப்புகளைத் தேய்த்து அடுக்குவாள். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவள் தங்கை மகள் ஒருத்திதான். இருபத்திரண்டு வயது. துவைக்கும் பிரிவில் அவளைச் சேர்த்துவிட்டதே பெரியம்மாதான்.

"நீங்க தேய்க்கிற தேய்ப்புக்கு மேனேஜர் மூஞ்சியக் குடுத்தாக்கூட சுருக்கம் போயிடும் பெரியம்மா" என்பாள் அவள்.

மூன்றாம் மெஷினைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேனேஜரிடமிருந்து ஒரே பதில்: "பாக்கலாம், பாக்கலாம்." ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த மெஷினின் கதவில் கைவைத்தவள் அப்படியே விழுந்தாள். மெயினை அணைத்துவிட்டுத் தூக்கியபோது உயிர் இல்லை.

"நீதானே சேத்துவிட்டே" என்றாள் தங்கை. அதற்குப்பின் அக்காவோடு பேச்சே இல்லை.

ஐந்தாம் நாள் சாப்பாட்டு அறையில் இரங்கல் கூட்டம். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "நாம எல்லாரும் ஒரே குடும்பம். ஈரக்காலோட மெஷினத் தொட்டது ஒரு சின்ன கவனக்குறைவு..."

பெரியம்மா எழுந்தாள். "குடும்பமா? உங்க வீட்டு மெஷின் ஷாக் அடிச்சா, ஒரு மாசம் அப்படியே விட்டுட்டு உங்க பொண்ணத் துவைக்கச் சொல்லுவீங்களா?"

"துக்கத்துல பேசறீங்க. உக்காருங்கம்மா."

"துக்கத்த வீட்டுல வச்சிட்டு வந்திருக்கேன். இங்க கோவம் மட்டுந்தான். துவைக்கிற எடத்துல கால் ஈரமாத்தான் இருக்கும். தண்ணியில்லாமத் துவைக்கிற வித்தை தெரிஞ்சா சொல்லிக் குடுங்க."

யாரோ சிரிக்கப்போய் விம்மினார்கள். 'கவனக்குறைவே காரணம்' என்று தட்டச்சடித்த தாள் கையெழுத்துக்காகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பெரியம்மா அதைப் பிடுங்கினாள். "பழி ஓரிடம் பாவம் ஓரிடமா? செத்தவ வந்து பதில் சொல்லமாட்டாங்கற தைரியம்!" நாலாகக் கிழித்தாள்.

மூலையிலிருந்த எலெக்ட்ரீஷியன் எழுந்தான். "எர்த் வயர் அறுந்திருக்குன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன். நகல் எங்கிட்ட இருக்கு."

அவனையும் அவள் விடவில்லை. "எழுதின கையால ஃபியூஸப் பிடுங்கிப் போட்டிருக்கலாமேடா!"

அவன் பையிலிருந்து நகலை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

அன்று ஒரு விரிப்பும் நனையவில்லை. நாற்பது பேரும் அந்த நகலோடு காவல் நிலையத்துக்கு நடந்தார்கள். போலீசார் மெஷினுக்குச் சீல் வைத்தார்கள். மேனேஜர் கைதாகி, நாலே நாளில் ஜாமீனில் வந்தார். பெரியம்மாவுக்கு வேலை போனது.

முதல் விசாரணை நாளில் நீதிமன்ற வராந்தாவில் தங்கை வந்து அதே பெஞ்சில், ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"அந்த மேனேஜரப் பாத்தா எனக்கு வாயே வராது. நியாயத்த நீயே கேளு, அக்கா" என்றாள். "ஆனா உம்மேல இருக்கற கோவம் அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் பெரியம்மா. "எனக்கும் எம்மேல அதே கோவந்தான்."