அக்கா எண்ணிய எரிநட்சத்திரங்கள்

எனக்கும் அக்காவுக்கும் மார்கழி பிறக்கும் சமயத்தில் ஒரு கிறுக்குப் பிடிக்கும். என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்வார். டிசம்பர் நடுவில் எரிநட்சத்திரங்கள் அதிகம் விழும் ராத்திரிகளில், நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வேன். அக்கா சிதம்பரத்தில் அவள் வீட்டு மொட்டைமாடியில் படுத்துக்கொள்வாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவிழ்த்து வைத்துவிடுவோம். திரை வெளிச்சம் கண்ணில் பட்டால் அப்புறம் கால் மணி நேரத்துக்கு மங்கலானது ஒன்றும் தெரியாது.

ஊர்க்கதை பேசக் கூடாது என்பது சட்டம். ஒன்றைப் பார்த்தவள் "விழுந்துச்சு" என்று சொல்லி, எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவளும் பார்த்திருந்தால் "எனக்கும்" என்பாள். ஒரே எரிநட்சத்திரம்தான், ஆனால் அவளுக்குக் கொஞ்சம் வடக்கே தள்ளித் தெரியும், எனக்குக் கொஞ்சம் தெற்கே தள்ளித் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்த வருஷம் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். எனக்கு அப்போது நாற்பத்தொன்று, அவளுக்கு நாற்பத்தேழு.

இன்னொரு சட்டமும் உண்டு. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. இதில் நான் ரொம்பக் கறார். ஒரு வருஷம் அவள் "ஏதோ போன மாதிரி இருந்துச்சு" என்றதற்கு, "மாதிரி எல்லாம் கணக்குல வராது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவளுக்கு அது தெரியும். எத்தனை சண்டை போட்டாலும் முதலில் போன் செய்வது அவள்தான். "இன்னும் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டுதான் இருக்கியாடி?" என்பாள். அத்தோடு சண்டை தீர்ந்துவிடும். நான் ஒருநாளும் முதலில் கூப்பிட்டதில்லை. பழக்கிவிட்டவள் அவள்தானே என்று எனக்கு ஒரு திமிர்.

எங்கள் ஊரில் டிசம்பர் என்றாலே புயலும் மேகமும்தான். இரண்டு வருஷம் தொடர்ந்து வானமே தெரியவில்லை. போன வருஷம் அதிசயமாக வானம் துடைத்து விட்டது போல் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு நான் மாடிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். "மாடிக்கு வந்துட்டியா?" என்றேன். "ம்" என்றாள். குரல் கம்மியிருந்தது. சளி என்றாள். சில மாதங்களாக வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அல்சராம். நானும் பெரிய டாக்டர் மாதிரி மோர் குடி, காரத்தை ஜாஸ்தி சேர்க்காதே என்று யோசனை சொல்லியிருந்தேன். தை மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்த அலைச்சலில் நேரில் போய் ஒரு எட்டு பார்க்கவில்லை.

முதல் அரைமணியில் எனக்கு நாலு கிடைத்தன. அவளுக்கு ஏழு. அவளாக முதலில் சொன்ன ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. நான் "விழுந்துச்சு" என்றால் உடனே "எனக்கும்" என்பாள். எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் சொன்ன இடத்தையே திருப்பிச் சொல்வாள். வடக்கே தள்ளிச் சொல்லவில்லை. எனக்குள் ஏதோ உறுத்தியது. போனில் கரகரவென்று ஒரு சத்தம் வேறு வந்துகொண்டே இருந்தது. காற்று என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அவள், "ஏய், பெருசு! நடு உச்சியில, பச்சையா, அப்பிடியே எரிஞ்சுகிட்டே போச்சுடி" என்றாள்.

நான் அந்த நேரத்தில் உச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பொட்டுக்கூட அசையவில்லை.

"ஏன்க்கா பொய் சொல்ற?"

"இல்லடி, நெஜமாதான்."

"நான் அங்கயேதான் பாத்துகிட்டு இருக்கேன். ஒண்ணுமே இல்ல. மொதல்லேருந்து புளுகுற நீ. உனக்கு இதெல்லாம் வெளாட்டாப் போச்சுல்ல? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான. நான் ஒருத்தி பைத்தியக்காரி, குளிர்ல படுத்துகிட்டு..."

அவள் "பாப்பா" என்று ஆரம்பித்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அவள் கூப்பிடட்டும் என்று இருந்தேன். மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பொய் சொன்னவளுக்கே இவ்வளவு வீம்பா என்று எனக்கு இன்னும் ஏறியது. "நீதான் ஒரு போன் போடேன்" என்றார் வீட்டுக்காரர். "எதுக்கு? தப்பு பண்ணினது அவ" என்றேன். சமைக்கும்போதும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பன்னிரண்டு நாள் இருந்தேன். பன்னிரண்டாவது நாள் காலையில் போன் வந்தது. அவள் பெயர்தான் திரையில் விழுந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், கடவுளே, அப்படித்தான் நினைத்தேன். எடுத்தால் மாமா, அக்கா வீட்டுக்காரர்.

"அக்கா போயிட்டாம்மா" என்றார்.

சிதம்பரம் போய்ச் சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, நேரில் போனால் சரியாகிவிடும் என்றே இருந்தது. கீழ் அறையில் அவள் படுத்திருந்த கட்டிலைப் பார்த்தேன். அவள் மாடி ஏறி இரண்டு மாதமாகிறது என்றார் மாமா. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வானம் ஒரு சாண்கூடத் தெரியாது. தலைக்கு மேலே பழைய ஃபேன், கொசுவுக்காகப் போட்டது, கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

வயிற்றில் கேன்சர் என்று ஐப்பசியிலேயே தெரியுமாம். எனக்குத் தெரிந்தால் என் மகளின் நிச்சயம் நின்றுவிடும், அது முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று மாமாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அன்றைக்கு மட்டும் அந்த விளையாட்டுக்கு வராவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று பயந்திருக்கிறாள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடக் குரலே எழவில்லையாம். "காத்துதான் வருது, பேசினா கண்டுபிடிச்சிடுவா" என்றாளாம். ஒற்றைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, எனக்காக ஒவ்வொன்றாக விழவைத்திருக்கிறாள். அவளைத்தான் புளுகி என்றேன். என் வாயில் மண்ணை அள்ளிப் போட.

காரியம் முடிந்த அன்று சாயங்காலம், உறவெல்லாம் கிளம்பிய பிறகு, மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. அன்னைக்கு ராத்திரி நடுவுல ஏன் போன் கட்டாச்சு?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிஜத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

"சார்ஜ் போயிடுச்சு மாமா."

மாமா தலையாட்டினார்.

"நானும் அதையேதான் அவகிட்ட சொன்னேன். சார்ஜ் போயிருக்கும், விடிஞ்சா தங்கச்சியே பண்ணும் பாருன்னேன். போன தலகாணிக்குப் பக்கத்துலயே வெச்சிருந்தா. மறுநாளும் சொன்னேன். தெனம் சொன்னேன். அவ நம்பலம்மா."