எனக்கும் ஓர் இலை

உழவர்கரையில் எங்கள் தெரு சூப்பர் மார்க்கெட் கிளையில் வேலை செய்யும் பிள்ளைகள், துணையில்லாத முதியவர்களுக்கு வருஷாவருஷம் விருந்து வைப்பார்கள். அதற்காக பில் கவுண்டரில் வைத்திருக்கும் கூடையில் நானும் அரிசி, பருப்பு போடுவேன்.

"ஞாயித்துக்கெழம வந்துடுங்க சார்" என்றாள் பில் போடும் மேரி. மனைவி போன பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், பரிமாறுவதற்குச் சாம்பார் வாளியைத் தூக்கினேன். மேரி அதை வாங்கிக்கொண்டாள்.

"உக்காருங்க சார். ஒங்களுக்கும் எல போட்டிருக்கோம்."

"நான் குடுக்கறவன்மா."

"தெனம் ஒத்த முட்ட வாங்க வர்றீங்களே சார்" என்றாள் மெதுவாக.

கோபத்தில் கிளம்பத்தான் பார்த்தேன். பக்கத்து இலைக்காரர் நகர்ந்து இடம்விட்டார். உட்கார்ந்துவிட்டேன். பாயசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாளும் ஒரு முட்டைதான் வாங்கினேன். டஜனாக வாங்கிவிட்டால் அடுத்த நாள் எங்கே போவேன்?