உபவாச ஜெபத்தில் இரைந்த வயிறு

தொண்ணூறுகளில் எங்கள் பனியன் கம்பெனிக்குப் பின்னாலிருந்த சபையில் ஒரு நாள் உபவாச ஜெபம். போதகர் ஆத்துமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி இரைந்தது. சேலைத் தலைப்பை வயிற்றோடு அழுத்திக்கொண்டேன்.

எபிரெயம் படித்திருந்த அவரோ, "வெக்கப்படாதீங்கம்மா. எபிரெயத்துல ஆத்துமாங்கறது உடம்புக்குள்ள தனியா இருக்கறதில்லீங்க. தொண்டைக்கும் பசிக்கும்கூட அதே வார்த்தைதானுங்க. பசியோட உக்காந்திருக்கற இந்த அம்மா முழுசுமே ஆத்துமாதானுங்க" என்றார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது எனக்கு. காலையில் ஊத்துக்குளி வெண்ணெய் தடவி நாலு தோசை தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

ஜெபம் முடிந்ததும், உபவாசம் முடிக்க வைத்திருந்த கஞ்சியில் முதல் டம்ளரை எனக்குத்தான் நீட்டினார்கள். பசித்தவள் போலவே குடித்தேன்.